காலடிக் கல்லையும் கற்க வேண்டும்

நமது கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் மாணவர் பலர் பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களுக்குச் செல்கின்றனர். பௌதிகம், இரசாயனம், உயிரியல், கணிதம் ஆகியன அவர்க்கு நன்கு பழகிய துறைகள். புவிச்சரிதவியலோ பெரும்பாலார்க்குப் பெயரளவில் தெரிந்ததொன்று. அதனை விரும்பினோர் மட்டும் பயிலும் பாடமாக விட்டுவைத்தல் போதாது. குடாநாட்டிலிருந்து செல்லும் விஞ்ஞான மாணவர் எவரும் அதன் முதற் பாடங்களையேனும் கல்லாது பட்டம் பெறலாகாது என்பது என் துணிபு.

கல்லை ஆராய்வதால் யாது பயன் என வினவுவோர் தத்தம் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பாராக. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட வன்பாறைகளால் ஆயது. நாமோ மயோசீன் காலக் கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல்லின்மேல் வாழ்கின்றோம். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகி, அக்கல்லைச் சிறுகச் சிறுக அரிக்கின்றது. வெடிப்புகள் அகன்று குகைகளாகின்றன. குகையின் கூரை இடிந்தவிடத்து நிலாவரை போன்ற ஆழ்கேணி தோன்றுகின்றது. தேநீருக்கு நீர் காய்ச்சும் கேத்தலின் உள்ளே படியும் வெண்பொருக்கும் இவ்வாறு கரைந்து வந்த கல்லேயாகும்.

வற்றாத ஆறொன்றும் இல்லாத நமக்கு இக்கல்லிடைத் தேங்கும் நன்னீரே உயிர். அது கடல்நீரின்மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. ஆகவே மேலே 1 அடி தாழ்ந்தால், உவர்நீர் காலப்போக்கிற் கீழிருந்து 40 அடி ஏறக்கூடும். துலா மிதித்து இறைத்த தலைமுறை இக்கணக்கை அறியாதிருந்தும் பெரிதும் கெடவில்லை. உடல் வலியே அளவு வகுத்தது. இயந்திரத்துக்கு அவ்வலி இல்லை.

மற்றொரு கேடும் உண்டு. மணலைப்போல் வெடிப்புற்ற கல் நீரை வடிகட்டுவதில்லை. தோட்டத்தில் மிகையாக இடும் உரமும் மலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றன. அந்நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் பச்சிளங் குழந்தைக்கு அது ஆபத்து. காய்ச்சினால் தீரும் என எண்ணுவோர் பலர். நைத்திரேற்று காய்ச்சுவதால் நீங்காது. நீர் வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இரசாயனம் கற்றோர் வீடுகளிலும் இது அறியப்படாதிருத்தல் வியப்பே.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 இல் நின்றது. கல் அகழ்ந்த குழிகள் இன்றும் உள. மீண்டும் அகழ்வதா, எவ்வளவு ஆழம் அகழ்வதா என்ற வினா எழும்போதெல்லாம் வேலைவாய்ப்பை மட்டும் பேசுகின்றோம். அதுவும் பேசவேண்டியதே. ஆயினும் நிலத்தடி நீரையும் சேர்த்து எடைபோட வல்லார் நம்மிடையே வேண்டாமா?

ஆனந்த குமாரசுவாமியை நம் மேடைகள் நடராச வடிவத்தின் தத்துவம் உரைத்தவராகவே போற்றுகின்றன. அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராயிருந்தவர். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904 இல் இனங்கண்டவர். சம்மட்டியுடன் மலைநாடு திரிந்த குமாரசுவாமியையும் நம் மாணவர் அறிதல் வேண்டும்.

பாடச்சுமை மிகும் என்பர். ஒரு தவணையே போதும். அதில் ஒருநாள் நிலாவரையிலிருந்து கீரிமலைவரை ஆசிரியருடன் நடத்தல் வேண்டும். அதுவரை கல்லூரி வாளாவிருக்க வேண்டியதில்லை. உயர்தர மாணவர் மாதந்தோறும் கல்லூரிக் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து பதிவேட்டில் எழுதலாம். அதற்கு வேண்டிய கருவிகளைப் பழைய மாணவர் சங்கம் இவ்விழா ஆண்டிலேயே வாங்கிக் கொடுக்கலாம்.