இடம் பெயரும் நிரலும் பிறர் வசமுள்ள பூட்டும்

மான்குர்த்தை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் 1991-ஆம் ஆண்டு முதல் 'அனுபம்' என்னும் இணைக் கணினிகளை அமைத்து வந்துள்ளனர். முதலில் அவற்றில் இன்டெல் ஐ860 செயலிகள் இருந்தன. பின்னர் பென்டியம் வகைச் செயலிகள் வந்தன. யந்திரம் மாறினால் நிரலும் இடம் பெயர வேண்டும் என்பதற்கு இது நம் அண்டையிலுள்ள சான்று. கணக்கிடும் பகுதி பெரும்பாலும் இடம் பெயர்ந்துவிடும். அடிக்கடி தடைப்படுவது, தகவலைக் காக்கும் பாதுகாப்புப் பகுதியே.

காரணம் யாதெனில், அப்பகுதி பல வேளைகளில் ஒரு நிறுவனத்தின் சொந்த உறுப்பைப் பெயர் சொல்லி அழைக்கின்றது. ஆண்ட்ராய்டு இயங்கு சூழலில் 'கிரிப்டோ' என்னும் பாதுகாப்புத் தொகுதியைப் பெயர் குறித்து அழைத்த நிரல்கள், 2018-இல் ஒன்பதாம் பதிப்பில் அத்தொகுதி நீக்கப்பட்டதும் பிழைபட்டன.

தென் கொரியாவின் அனுபவம் இதனினும் பெரிது. அந்நாட்டார் 1990-களின் இறுதியில் 'சீட்' என்னும் மறையாக்க முறையை வகுத்தனர். உலாவிகளில் அது இல்லாமையால், மைக்ரோசாப்டின் ஆக்டிவ்எக்ஸ் வாயிலாக அதனைச் சேர்த்தனர். விளைவாக, இணையத்தில் வங்கிப் பணி செய்வோர் பல்லாண்டுகள் ஒரே நிறுவனத்தின் உலாவியைச் சார்ந்திருக்க நேர்ந்தது. முறை வெளியிடப்பட்டதே, அதைச் சுமந்த ஊர்திதான் பிறர் வசமிருந்தது.

மறைவான முறையே பாதுகாப்பானது என்று சிலர் வாதிப்பர். பூட்டின் அமைப்பைப் பகைவன் அறிந்தாலும் திறவுகோல் மட்டும் இரகசியமாயிருந்தால் போதும் என்பதே சரியான கொள்கை என்று கெர்க்காஃப்ஸ் 1883-லேயே விளக்கியுள்ளார். 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறையும் உலகறிய ஆராயப்பட்டதே.

ஆகவே, பொதுப் பணிக்கான நிரல்களில் மூன்று விதிகள் கட்டாயமாக வேண்டும் என்பது எமது கருத்து. முதலாவது, செய்தவரின் பெயரால் அன்றி, பொதுத் தரத்தின் பெயரால் முறையை அழைத்தல். இரண்டாவது, மறையாக்கும் பாங்கையும் நிரப்பு முறையையும் எழுத்துக் குறியீட்டையும் வெளிப்படையாகக் குறித்தல். குறிக்காது விட்டால் ஒவ்வொரு சூழலும் தன் விருப்பப்படி ஒன்றைக் கொள்ளும். பழைய தகவல் திறவாது. மூன்றாவது, பழைய சூழலை மூடுமுன், அதில் பூட்டிய மாதிரித் தகவலைப் புதியதில் திறந்து சோதித்தல். மாற்றாகச் சொந்தமாக ஒரு மறையாக்க முறையை இயற்றுதல் மட்டும் கூடவே கூடாது; அது ஒரு தளையை நீக்கி, ஆபத்தை வரவழைப்பதாகும்.

இது நிரலர்க்கு மட்டுமான செய்தி அன்று. மாணவர் மதிப்பெண்களையும் களக் குறிப்புகளையும் கணினியில் ஒப்படைப்போர் ஆசிரியர்களும் கள ஊழியர்களுமே. புதிய மென்பொருள் வரும்பொழுது அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "நாளை இந்தச் சூழல் மறைந்தால், எங்கள் பதிவேட்டை நாங்களே திறக்க இயலுமா?" தெளிவான விடை எழுத்தில் கிடைக்கும்வரை அம்மென்பொருளை ஏற்றல் தகாது.