வழுக்கையும் நிகாஹும்

சபரிலிருந்து இரண்டு மாத விடுப்பில் காரைக்கால் வரும் நம் இளைஞர்களில் சிலர், நிகாஹுக்கு முன் முடித்தாக வேண்டிய வேலைகளில் முடி மாற்று சிகிச்சையையும் சேர்த்துக்கொள்கின்றனர். பெண் வீட்டார் புகைப்படத்தைப் பெரிதாக்கி நெற்றியை அளக்கும் காலத்தில், அவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று.

மார்க்கத்தில் இது கூடுமா? ஒட்டுமுடி இணைப்பதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். தன் பின்தலையின் முடிவேரைப் பெயர்த்து முன்தலையில் பதிப்பது அதுவன்று. 2007இல் மலேசியாவின் புத்ரஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, முடி உதிர்ந்தவர்களுக்கு இதனை அனுமதித்தது. எனவே எவரிடம் செய்கிறோம், எதை மறைக்கிறோம் என்பதே நம் கவலை.

2016இல் சென்னையில், மருத்துவமனை உரிமமற்ற ஒரு மையத்தில் இச்சிகிச்சை பெற்ற மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படித்தவருக்கே அந்நிலை! இதனைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வலியுறுத்தியது. மலிவான கட்டணத்தைக் கண்டு மயங்குவோர் இதை முதலில் விசாரிக்கட்டும்.

இன்னொன்றையும் விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. நட்ட முடி சில வாரங்களிலேயே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மீண்டும் முளைத்து அடர்த்தியாக ஓராண்டு வரை ஆகும். ஆக, விடுப்பில் நட்டு அதே விடுப்பில் மணமகனாக அமர்பவர், முன்னைவிட மோசமான தலையோடுதான் அமர்வார். (தொப்பி காப்பாற்றிவிடும் என்பது வேறு.)

மருந்துகளுக்கும் பொறுமை தேவை. மரபுவழி வழுக்கையில் டிஹெச்டி என்னும் ஹார்மோன் முடிவேரைச் சுருக்குகிறது. ஃபினாஸ்டரைடு மாத்திரை அதன் உற்பத்தியைக் குறைக்கிறது. 1997இல் அமெரிக்கா இதனை ஆண்களின் வழுக்கைக்கு அனுமதித்தது. இரத்த அழுத்த மருந்தாகப் பிறந்த மினாக்ஸிடில், தலையில் பூசும் மருந்தாயிற்று. இரண்டும் பயன் காட்டச் சில மாதங்களாகும். நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். ஃபினாஸ்டரைடால் சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறைவதுண்டு, மனச்சோர்வும் வருவதுண்டு. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவும் கூடாது. புதுமாப்பிள்ளை அறியவேண்டிய இச்செய்திகளைத் தோல் மருத்துவரிடமே கேட்க வேண்டும்; மருந்துக்கடையில் வாங்கி விழுங்குவது தகாது. கிளாஸ்கோடெரோன் போன்ற புதிய பூச்சுகளும் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன.

சிகிச்சை பெறுவது மறைப்பாகாது. ஆனால் பொய்முடி வைத்துப் பெண் பார்க்கப் போவது ஏமாற்று. அதற்கு அவனைத் தள்ளுவது யார்? ஹஜ்ஜை முடித்துத் தலை மழித்துத் திரும்பும் வாப்பாவை ஆரத் தழுவி வரவேற்கும் நாமே, தொழுகையும் தொழிலும் உள்ள பிள்ளையை முன்வழுக்கைக்காக வேண்டாம் என்கிறோம்.