இருந்தாரா, இருக்கிறாரா?

பல வருடங்களுக்கு முன்னர், நான் பணியாற்றிய நாளிதழ் ஒன்றின் காரியாலயத்துக்குக் காலை வேளையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மறுமுனையில் ஒரு தாய். தடுத்து வைக்கப்பட்டிருந்த அவரது மகனைப் பற்றி அன்றைய இதழில் நான்கு வரிச் செய்தியொன்று வெளியாகியிருந்தது. ‘இளைஞர் நலமாக இருந்ததாக அதிகாரி தெரிவித்தார்’ என்பது அதன் முதல் வாக்கியம். “நலமாய் இருந்தவர் எண்டு போட்டிருக்கிறியள். அப்ப, இப்ப என்ன தம்பி? பிள்ளைக்கு ஏதும் நடந்திட்டுதோ?” என்று அந்தத் தாய் கேட்டார்.

ஆங்கில மூலப் பிரதியைத் தேடி எடுத்தேன். ‘செட்’ என்ற வினைக்குப் பின்னால் ‘வோஸ்’ என்றிருந்தது. அதிகாரி சொன்னது ‘நலமாக இருக்கிறார்’ என்பதே. ஆங்கிலச் செய்தியாளர் தமது மொழியின் விதிப்படி சரியாகவே எழுதியிருந்தார். நாங்கள்தான் எமது மொழியின் விதியை மறந்து, அந்த ‘வோஸ்’ என்ற சொல்லை அப்படியே ‘இருந்தார்’ ஆக்கியிருந்தோம். மகன் உயிரோடு இருக்கிறான், பிழை எங்கள் பக்கத்தில் என்று அந்தத் தாயை நம்பவைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

இதனைக் கூறும்போதெல்லாம், “இலக்கணம் பண்டிதர்களின் தொல்லை, கருத்து விளங்கினால் போதாதா?” என்று கேட்பவர்களைச் சந்திக்கிறேன். ஐயா, கருத்து விளங்கவில்லை என்பதுதானே இங்கே முறைப்பாடு!

ஆங்கிலத்தில் ஒருவர் கூறியதை அயற்கூற்றாக எழுதும்போது, ‘கூறினார்’ என்ற தலைமை வினை இறந்தகாலத்தில் இருக்குமானால், அதனைச் சார்ந்த வாக்கியத்தின் வினையும் பொதுவாக ஒரு படி பின்னோக்கி நகரும். ‘இஸ்’ என்பது ‘வோஸ்’ ஆகும். ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். ‘ஹாஸ்’ என்பது ‘ஹாட்’ ஆகும். எழுதுபவர் இன்றைய தமது இருக்கையிலிருந்து நேற்றைய பேச்சைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதே இதன் தத்துவம். தமிழ் அப்படிச் செய்வதில்லை. தமிழில், பேசியவர் பேசிய கணமே அளவுகோல். ‘நலமாக இருப்பதாக நேற்றுக் கூறினார்’ என்றுதான் எழுதுகிறோம். கூறியது நேற்றாயினும், கூறிய வேளையில் அந்நிலை நிகழ்காலம். ஆகவே ஆங்கிலத்து ‘வோஸ்’ பெரும்பாலும் எமக்கு ‘இருப்பதாக’. ‘வுட்’ எமக்கு ‘வருவதாக’. ‘ஹாட்’ எமக்கு ‘வந்ததாக’. காலத்தைக் குறிக்கும் சொல்லொன்று அருகில் இருந்தால் அதனையும் கவனிக்க வேண்டும். ‘1977இல் தான் கொழும்பில் இருந்ததாக’ என்பதை ‘இருப்பதாக’ என்று எவரும் மாற்றிவிடக் கூடாது.

இந்தச் சிறிய விடயம் தெரியாமையால் எமது பத்திரிகைகளில் நேர்ந்திருக்கும் விபரீதங்கள் கொஞ்சமல்ல. அமைச்சர் ஒருவர் ‘நட்டஈடு வழங்கப்படும்’ என்று திட்டவட்டமாகக் கூறுகிறார். ஆங்கிலச் செய்தியில் அது ‘வுட்’ ஆகிறது. ‘வுட்’ என்றால் ஐயம் என்று எங்கோ படித்த மொழிபெயர்ப்பாளர் ‘நட்டஈடு வழங்கப்படக்கூடும்’ என்று எழுதிவிடுகிறார். அமைச்சர் வாக்குறுதி அளித்தார்; நாங்கள் அதனை ஊகமாக்கினோம். ஒரு வருடத்தின் பின்னர், “எங்கே நட்டஈடு?” என்று மக்கள் கேட்கும்போது, “கூடும் என்றுதானே பத்திரிகையில் வந்தது” என்று தப்பித்துக்கொள்ள வழி செய்து கொடுத்தவர்கள் யார்? அமைச்சரின் எதிரிகள் அல்லர், நாங்களே.

தலைப்புகளின் கதை இன்னும் மோசம். நடந்து முடிந்த நிகழ்ச்சியையும் நிகழ்காலத்தில் எழுதுவது ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளின் மரபு. ‘மினிஸ்டர் ரிசைன்ஸ்’ என்றால் அமைச்சர் பதவி விலகிவிட்டார் என்று பொருள். அதனை ‘அமைச்சர் பதவி விலகுகிறார்’ என்று போட்டால், தமிழ் வாசகர் அவர் இனித்தான் விலகப்போகிறார் என்றே கொள்வார். செய்தியின் உடலில் ‘விலகினார்’ என்றும் தலையில் ‘விலகுகிறார்’ என்றும் இருப்பதைக் கண்டு அவர் குழம்புவார்.

இனி, எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். எமது பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போது காலங்கள் தடம்புரள்வது ஏன்? ‘ஒரு வாக்கியத்தில் ஒரு காலம்’ என்ற சூத்திரத்தை ரியூசன் கொட்டில்களில் மனனம் செய்விக்கிறார்கள். கேட்பதற்கு அழகான சூத்திரம். ஆனால் பொய்யான சூத்திரம். ‘அவர் நேற்றுப் போனார் என்பதும் நாளை திரும்புவார் என்பதும் எனக்குத் தெரியும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ‘நோ’, ‘வென்ற்’, ‘வில்’ என்று மூன்று காலங்களும் ஒரே வாக்கியத்தில் வரும், மூன்றும் சரி. ‘மழை பெய்தால் நிற்பேன்’ என்பதில் ‘இஃப்’ என்ற பகுதி நிகழ்காலத்தை ஏற்கும்; மற்றப் பகுதி எதிர்காலத்தை ஏற்கும். சூத்திரத்தை நம்பிய பிள்ளை இரண்டிலும் ‘வில்’ போட்டுப் புள்ளிகளை இழக்கிறது. கால ஒருமைப்பாடு என்பது எல்லா வினைகளுக்கும் ஒரே சட்டையை அணிவிப்பதன்று. எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதை முடிவு செய்து, காரணமின்றி அந்த இடத்தைவிட்டு அசையாதிருப்பது.

தமிழ்ப் பிள்ளைக்கு இது கடினமாக இருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுண்டு. ‘வீட்டுக்கு வந்து, குளித்து, உண்டு, உறங்கினான்’ என்கிறோம். இதில் முற்றுப்பெற்ற வினை ஒன்றே. முன்னுள்ள எச்சங்கள் யாவும் அந்தக் கடைசி வினையின் காலத்துக்கு அடங்கிப் போகின்றன. ஆங்கிலத்தில் இவற்றை வரிசையாக அடுக்கும்போது ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும். கடைசி வினையை மட்டும் கவனித்துப் பழகிய கை, இடையில் உள்ளவற்றைத் தவற விடுகிறது. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லாமல் பிள்ளையை ‘மொக்கு’ என்று ஏசும் ஆசிரியரை நான் மன்னிக்கத் தயாரில்லை.

பரீட்சைப் புள்ளிகள் போனால் மீண்டும் எழுதலாம். ஆனால், புலம்பெயர்ந்த நாடொன்றில் புகலிடம் கோரி எழுதப்படும் வாக்குமூலத்தை எண்ணிப் பாருங்கள். ‘அவர்கள் வந்தார்கள், அண்ணனைக் கொண்டு போனார்கள்’ என்பதை ஆங்கிலத்தில் முதல் வினையை நிகழ்காலத்திலும் அடுத்ததை இறந்தகாலத்திலும் எழுதினால் என்ன ஆகும்? ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலம் வழக்கமாக நடப்பதைச் சுட்டும். வாசிக்கும் அதிகாரி, “அடிக்கடி வருவார்களா, ஒருமுறை வந்தார்களா?” என்று கேட்பார். ஒருவர் உண்மையையே சொல்லியிருப்பார். அவருடைய வினைகளோ ஒன்றுக்கொன்று முரணாகச் சாட்சி சொல்லும். முன்பின் முரண் என்று அதிகாரி குறித்துக்கொண்டால், அது இலக்கணப் பிழையென்று யார் போய் விளக்குவது?

இது வெள்ளைக்காரனின் விவகாரம் என்று ஒதுக்குவோரும் உளர். காலவழு என்ற சொல் நன்னூல் கற்றவர்களுக்குப் புதிதன்று. ‘நாளை வந்தான்’ என்பது வழு. அதேவேளை, புறப்படும் முன்பே ‘இதோ வந்துவிட்டேன்’ என்று விரைவு கருதிச் சொல்வதை எமது இலக்கணகாரர் வழுவமைதியாக ஏற்றார்கள். தொல்காப்பியரும் இதனை வினையியலில் பேசுகிறார். காரணத்தோடு காலம் மாறலாம், காரணமின்றி மாறக்கூடாது என்பதே அவர்களது தீர்ப்பு. ஆங்கில இலக்கணம் கேட்பதும் இதைத்தான்.

செய்தி மேசையில் அமரும் இளையவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அயற்கூற்று வாக்கியம் ஒன்றைக் கண்டால், அதைச் சொன்னவர் தம் வாயால் என்ன சொல்லியிருப்பார் என்று நேர்கூற்றில் ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். அதன் பின்னர் எழுதுங்கள். அரை நிமிட வேலை. இயந்திரம் மொழிபெயர்த்துத் தரும் இக்காலத்திலும் அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்தாதீர்கள். வாக்கியம் வழுவழுப்பாக இருப்பதால் அது உண்மையாகிவிடாது.

அன்று தொலைபேசியில் பேசிய அந்தத் தாய் எந்த இலக்கண நூலையும் படித்திருக்கமாட்டார். ஆனாலும் அச்சிட்ட வினையின் காலத்தை அவர் சரியாகவே வாசித்தார். பட்டம் பெற்று, மேசை போட்டு அமர்ந்திருந்த நாங்கள்தான் பிழையாக எழுதினோம். மறுநாள் நாங்கள் திருத்தம் வெளியிட்டோம். அந்த ஒரு நாளை அவருக்கு எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.