எடைக்குப் போகும் பாரதி

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் அரசுப் பொது நூலகத்தில் அண்மையில் கழிவு நூல்கள் என்று ஒதுக்கியவற்றை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். பாரதி பதிப்புகளைத் தேடிச் சேர்க்கிறவன் என்பதால் பழைய புத்தகக் கடைக்காரர் எனக்குச் சொல்லியனுப்பினார். போய்ப் பார்த்தால், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட ‘பாரதி பாடல்கள்’ ஆய்வுப் பதிப்பு! நூலக முத்திரையும் பதிவெண்ணும் அப்படியே இருக்க, குறுக்கே ஊதா மையில் ‘நீக்கப்பட்டது’ என்று குத்தியிருந்தது. கட்டு விடவில்லை, ஒரு தாள்கூடக் கிழியவில்லை. கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டுத்தான் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது.

நூலகத்தில் விசாரித்தேன். “பாரதியார் கவிதைகள் புதுசா நிறைய வந்திருக்கு சார். இது பழசு, யாரும் எடுக்கிறதும் இல்ல” என்றார் பணியில் இருந்தவர். அவரை நொந்து பயனில்லை. அலமாரியில் இடம் கிடையாது. மேலிடமோ கழிவுப் பட்டியல் கேட்கிறது. ஆசிரியரும் தலைப்பும் ஒத்திருந்தால் போதும், உபரிப் பிரதி என்று கணக்கெழுதும் முறையைத்தான் கண்டிக்கிறேன்.

பாரதி விஷயத்தில் இந்தக் கணக்கு அறவே செல்லாது. 1921இல் அவர் மறைந்தபோது எழுதியதில் பெரும்பகுதி நூலாகியிருக்கவில்லை. ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் 1912இல் வந்தது, இரண்டாம் பாகத்தை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. கட்டுரைகள் சுதேசமித்திரன், சக்கரவர்த்தினி, இந்தியா, விஜயா என்று இதழ்களில் சிதறிக் கிடந்தன. ரா.அ. பத்மநாபன், பெ. தூரன், இளசை மணியன், சீனி. விசுவநாதன், ஆ.இரா. வேங்கடாசலபதி ஆகியோர் வெவ்வேறு காலங்களில் அவற்றைத் தேடியெடுத்துப் பதிப்பித்தார்கள். ஒருவர் தொகுப்பில் உள்ளது இன்னொருவர் தொகுப்பில் இருக்காது. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை.

1949இல் அரசு பதிப்புரிமையை வாங்கியதால் பாரதி இன்று மலிவு விலையில் எல்லோர் கைக்கும் வருகிறார். மகிழ்ச்சிதான். ஆனால், ஒரு பாட்டு எந்த இதழில் எப்போது முதலில் வந்தது, தலைப்பு கவிஞர் இட்டதா பதிப்பாளர் இட்டதா, எந்தச் சொல் எந்தப் பதிப்பில் மாறியது என்பதையெல்லாம் மலிவுப் பதிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஐயம் வந்தால் ஆய்வுப் பதிப்பைத்தான் புரட்ட வேண்டும். அப்படிப்பட்ட நூலை எத்தனை பேர் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள் என்று எண்ணி அதன் தேவையை முடிவு செய்வது என்ன நியாயம்?

வாங்குவதிலும் இதே அலட்சியம். சீனி. விசுவநாதனின் ‘காலவரிசைப்படுத்தப்பட்ட பாரதி படைப்புகள்’ ஒரே நாளில் விளைந்ததல்ல. பல்லாண்டு உழைப்பில் தொகுதி தொகுதியாக வந்தது. 2024 டிசம்பர் 11 அன்று 23 தொகுதிகளையும் டெல்லியில் பிரதமர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு பதிப்பாசிரியருக்குப் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. எங்கள் நூலகத்திலோ முந்தைய தொகுதிகளில் இடையிடையே சில மட்டும் இருக்கின்றன. ஆண்டு வரிசையில் அமைந்த ஒரு பதிப்பை இப்படி உதிரியாக வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

நூலகங்கள் எதையும் கழிக்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. பழைய கைடுகளும் காலாவதியான கம்ப்யூட்டர் புத்தகங்களும் தாராளமாகப் போகட்டும். எடைக்கு வந்ததை வாங்கியதில் என்னைப் போன்றவர்களுக்கு லாபம்தான். ஆனால் என் வீட்டு அலமாரி ஊருக்குத் திறந்ததல்ல. சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948இல் நம் சென்னை மாகாணம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். அந்தப் பணத்தில் வாங்கிய நூல் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பொது நூலகத் துறை மூன்று காரியங்கள் செய்தால் போதும். கழிவுப் பட்டியலை ஒரு மாதம் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வாசகர் ஆட்சேபம் கேட்க வேண்டும். ஆய்வுப் பதிப்புகளை மாவட்ட மைய நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். அங்கும் இடமில்லை என்றால் பல்கலைக்கழகங்களுக்கோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ தருவதாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். பல தொகுதி நூல்களை வாங்கினால் முழு வரிசையாக வாங்க வேண்டும். அடுத்த கழிவுப் பட்டியல் தயாராவதற்குள் இதற்கான சுற்றறிக்கை எல்லாக் கிளை நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.