ஒற்றைக் காலில் நில்லுங்கள்!

எங்கள் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் விடிவதற்குள் வாக்கிங் கூட்டம் சேர்ந்துவிடும். ஷ்மிட் நினைவுச் சின்னத்திலிருந்து அஷ்டலட்சுமி கோவில் வரை போய்த் திரும்பினால் அன்றைய கடமை முடிந்தது என்று நானும் பத்து வருஷம் நடந்தேன். போன மார்கழியில், குளித்துவிட்டுப் பாவாடை மாட்ட ஒரு காலைத் தூக்கியவள் தடுமாறிக் கதவில் போய்ச் சாய்ந்தேன். கதவு மட்டும் இல்லையென்றால் இடுப்பெலும்பு போயிருக்கும். வயது 58. தினமும் நடக்கிற எனக்கே ஏன் இப்படி?

"நடக்கிறது இருதயத்துக்கு நல்லது மாமி. ஆனா ஒத்தக் கால்ல பாரம் தாங்கறதைத் தனியாப் பழகணும்" என்றாள் பிஸியோதெரபி பெண். யோசித்தால் உண்மைதான். படி ஏறும்போது, ஆட்டோவில் ஏறும்போது, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஒரு கணம் முழு உடம்பும் ஒரு காலில்தான். அப்போது இடுப்பின் பக்கவாட்டுத் தசைதான் சாயாமல் பிடிக்கிறது. அது தளர்ந்தால் தள்ளாட்டம்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே!" என்பார்கள் சிலர். அடுப்படியில் நாள் முழுக்க நிற்பது இரண்டு காலில்தானே! சின்ன வயசில் பாண்டி ஆடினோம், நொண்டி அடித்தோம். பெரியவளானதும் "போதும், உள்ளே வா" என்றார்கள். அதன்பின் நாம் ஒற்றைக் காலில் நின்றதெல்லாம் பட்டுப்புடவைக்குப் பிடிவாதம் பிடித்தபோதுதான்!

பிரேசிலில் 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரை 10 வினாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. 2022ல் வெளியான ஆய்வு இது. 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது இப்படி நிலை தடுமாறாதிருக்கப் பயிற்சி செய்யணும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

செலவே கிடையாது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, பால் பொங்கும்வரை வலது கால், இட்லி வேகும்போது நடுநடுவே இடது கால். பிறகு வாசல்படியில் ஒரு காலை வைத்து மெதுவாக ஏறி, அதைவிட மெதுவாக இறங்கணும், காலுக்குப் பத்து தடவை. இறங்குவதில்தான் இருக்கிறது சூட்சுமம். ஈரத்தரையில் மட்டும் வேண்டாம். தலைசுற்றல், மூட்டு ஆபரேஷன் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேத்தி பக்கத்தில் நின்று எண்ணுகிறாள். வலது காலில் 22 வினாடி வந்துவிட்டது. இடதுதான் இன்னும் மக்கர் பண்ணுகிறது.

- ஒரு வாசகி, பெசன்ட் நகர், சென்னை-90.