போனுக்குள் புகுந்த திருடன் போக மாட்டேன் என்கிறான்!

வீட்டுக்குள் திருடன் புகுந்தால் கூச்சல் போடலாம். அக்கம்பக்கத்தார் கம்போடு ஓடி வருவார்கள். இப்போது புகுந்திருக்கும் திருடன் சட்டைப் பையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்! "வெளியே போ" என்று விரட்டினால் போவதில்லை. விரட்டுகிற விரலையே தட்டி விடுகிறான்!

பனமலை ஏரிக்கரையில் நெல் போடுகிற ஒரு விவசாயியை எடுத்துக் கொள்வோம். கையில் ஒரு ஸ்மார்ட் போன். பிள்ளை வாங்கிக் கொடுத்தது. வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வருகிறது. "பி.எம். கிசான் தவணை நின்று விட்டதா? இந்த ஆப்பைப் போட்டுச் சரி செய்யவும்" என்று இருக்கிறது. அனுப்பியது யாரோ அல்ல. பக்கத்து நிலத்துக்காரர் நம்பர்தான்.

வருஷத்துக்கு 6 ஆயிரம் ரூபாய், 3 தவணையாக வருகிற பணம். விதை நெல்லுக்கோ உரத்துக்கோ ஆகும். விட மனசு வருமா? தொட்டு விடுகிறார்.

"இது வெளி ஆள் ஆப், போடலாமா?" என்று போன் கேட்கிறது. "சரி" என்கிறார். அடுத்து அந்த ஆப் கேட்கிறது: "ஆக்சசிபிலிட்டி என்பதை ஆன் செய்யவும்." அதையும் செய்கிறார்.

அவ்வளவுதான். ராத்திரி அவர் தூங்குகிறார். போன் தூங்கவில்லை. காலையில் பார்த்தால் கணக்கில் இருந்த பணம் அம்பேல்!

பதறிப்போய் அந்த ஆப்பை அழிக்கப் போகிறார். 'அழி' என்ற இடத்தைத் தொடுவதற்குள் திரை தானாக மாறி முதல் பக்கத்துக்கு வந்து விடுகிறது. மறுபடி போகிறார். மறுபடி முதல் பக்கம். பத்துத் தடவை போனாலும் அதே கதைதான். "போனுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று வீட்டில் உள்ளவர்கள் பேசத் தொடங்குகிறார்கள்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எல்லாம் அந்த ஒரு 'சரி' செய்த வேலை!

கண் தெரியாதவர்களுக்கான வசதி

ஆக்சசிபிலிட்டி என்பது கெட்ட சமாச்சாரம் அல்ல. பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டவும், கை வராதவர்களுக்குப் பட்டனை அழுத்திக் கொடுக்கவும் வந்த வசதி. 2009-ம் ஆண்டு முதல் ஆண்ட்ராய்டு போன்களில் இருந்து வருகிறது. தமிழில் வைத்திருக்கும் போன்களில் மாற்றுத்திறன் வசதி, அணுகல்தன்மை என்று போனுக்குப் போன் பெயர் மாறும்.

கண் தெரியாதவருக்கு உதவ வேண்டும் என்றால் அந்த ஆப்புக்குத் திரை முழுவதும் தெரிய வேண்டும். அவருக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் உரிமை வேண்டும். இந்த இரண்டு உரிமையும் திருடன் கையில் போனால் என்ன ஆகும்? வங்கி ஆப்பில் என்ன அடிக்கிறோம் என்று பார்க்கிறான். ஓ.டி.பி.யைப் படிக்கிறான். நாம் தொடாமலே 'அனுப்பு' என்பதை அழுத்துகிறான். அவனை அழிக்கப் போனால் நமக்கு முன்னால் 'பின்னால் போ' என்பதையும் அவனே அழுத்தி விடுகிறான்.

இது கற்பனை அல்ல. 2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மத்திய அரசின் கம்ப்யூட்டர் அவசரப் பிரிவான செர்ட்-இன் ஒரு எச்சரிக்கை விட்டது. 'சோவா' என்ற கள்ள ஆப் பற்றிய எச்சரிக்கை அது. கள்ளச் சந்தையில் 2021 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த சரக்கு. 2022 ஜூலையில் இந்தியா பக்கமும் கை நீட்டியது. வங்கி ஆப்புகள் உள்பட 200-க்கு மேற்பட்ட ஆப்புகளைக் குறி வைத்திருந்தது. அதை அழிக்கப் போனால் முதல் பக்கத்துக்குத் தள்ளி விட்டு, "இந்த ஆப் பாதுகாக்கப்பட்டது" என்று ஒரு வரி காட்டுமாம். என்ன திமிர் பாருங்கள்!

அதற்கு முந்திய ஆண்டு, வருமான வரிப் பணம் திரும்ப வருகிறது என்று ஆசை காட்டிய 'டிரினிக்' என்ற ஆப் பற்றி இதே செர்ட்-இன் எச்சரித்தது. 27 வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அதன் குறியில் இருந்தார்கள். 2024-ல் பி.எம். கிசான் பெயரில் ஆப் அனுப்பி மோசடி நடப்பதாகத் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவே சொன்னது. அதே ஆண்டில் போக்குவரத்து அபராதம் என்ற பெயரிலும், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் ஏ.பி.கே. ஆப்புகள் வாட்ஸ்அப்பில் நாடு முழுக்கச் சுற்றி வந்தன. பெயர் மாறுகிறது. வேலை ஒன்றுதான்.

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகை போட்டான். ராஜகிரி மேலே ஏறுவதற்கு அவனுக்கு 1698 ஆகி விட்டது. இந்த ஆசாமிகளுக்கு அந்தச் சிரமம் எல்லாம் இல்லை. மூன்று தடவை 'சரி' என்று தொட்டால் கோட்டைக் கதவு திறந்து விடுகிறது.

முதலில் பணம், பிறகு போன்

பணம் போனதும் பலர் செய்கிற காரியம் என்ன? நேரே மொபைல் கடைக்கு ஓடுகிறார்கள். "தம்பி, இதை எப்படியாவது எடுத்துக் குடுப்பா" என்கிறார்கள். கடைக்காரத் தம்பியும் "ரீசெட் அடிச்சிடலாம் அண்ணே" என்கிறார். அடித்து விடுகிறார். ஆப் போய் விட்டது. கூடவே திருடன் வந்த தடயமும் போய் விட்டது! போலீசில் காட்ட என்ன இருக்கிறது?

அந்தத் தம்பி மீது குற்றம் இல்லை. அவருக்கு யாரும் முறை சொல்லிக் கொடுக்கவில்லை. முறை இதுதான்.

முதல் காரியம், போனின் இன்டர்நெட்டை வெட்ட வேண்டும். ஏரோப்ளேன் மோடில் போடலாம். வைஃபையும் அணைந்ததா என்று பார்க்க வேண்டும். திரை அதற்கும் இடம் கொடுக்கவில்லை என்றால் சிம் கார்டைக் கழற்றி விடுவது உத்தமம். எங்கோ உட்கார்ந்து போனை ஆட்டுகிறவனுக்கு அதோடு கயிறு அறுந்து விடும்.

இரண்டாவது, வேறு ஒருவர் போனிலிருந்து 1930 என்ற நம்பருக்குப் பேச வேண்டும். மத்திய உள்துறையின் சைபர் மோசடி நம்பர் அது. பணம் எந்தக் கணக்குக்குப் போயிருக்கிறதோ அங்கேயே அதை முடக்க முயற்சி செய்வார்கள். திருடன் எடுத்து விட்டால் முடக்குவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் ஒவ்வொரு நிமிஷமும் பணம். கையோடு வங்கிக்கும் பேசிக் கணக்கு, கார்டு, யு.பி.ஐ. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு, பின் நம்பரை மாற்றுவதும் வேறு போனிலிருந்துதான். கெட்டுப்போன போனில் மாற்றினால் புது நம்பரையும் திருடனே பார்த்துக் கொள்வான்.

மூன்றாவது, வந்த தகவல், அனுப்பிய நம்பர், ஆப்பின் பெயர், பணம் போன மெசேஜ், இவற்றை வேறு போனால் படம் பிடித்து வைக்க வேண்டும்.

அதன் பிறகுதான் ஆப்பை விரட்டுகிற வேலை.

விரட்டுவது எப்படி?

ஓடிக் கொண்டிருக்கிற திருடனைப் பிடிக்க முடியாது. தூங்க வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு 'சேஃப் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அந்த நிலையில் போனோடு வந்த ஆப்புகள் மட்டும் ஓடும். பிறகு போட்ட ஆப்புகள் எதுவும் ஓடாது. நம்மைத் தள்ளி விட திருடன் முழித்திருக்க மாட்டான்.

பல போன்களில் பவர் பட்டனை அழுத்தினால் 'பவர் ஆஃப்' என்று வரும். அதை மெதுவாகத் தொடாமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் 'சேஃப் மோட்' வேண்டுமா என்று கேட்கும். சில போன்களில் அணைத்து விட்டு, மறுபடி ஆன் ஆகும்போது சத்தம் குறைக்கிற பட்டனைப் பிடித்துக் கொண்டிருக்க வேண்டும். திரையின் மூலையில் 'சேஃப் மோட்' என்று எழுத்து தெரிந்தால் காரியம் ஆயிற்று.

இப்போது செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டிக்குப் போய், அங்கே அந்தக் கள்ள ஆப்பின் பெயருக்கு எதிரே இருப்பதை ஆஃப் செய்ய வேண்டும். பெயர் 'குரோம்' என்றோ, ஏதாவது அரசுத் திட்டத்தின் பெயரிலோ இருக்கலாம். ஏமாந்து விடக் கூடாது. நாமாகப் போடாத எதுவும் அங்கே ஆனில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்து, பாதுகாப்புப் பகுதியில் 'டிவைஸ் அட்மின்' என்ற பட்டியல். அதிலும் அவன் பெயர் இருந்தால் எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் ஆப்பை அழிக்கப் போனால் போன் விடாது. இரண்டும் முடிந்த பிறகு ஆப் பட்டியலுக்குப் போய் அழித்தால் சத்தம் இல்லாமல் போய் விடும்.

பிறகு போனைச் சாதாரணமாக ஆன் செய்து, பிளே ஸ்டோரில் உள்ள 'பிளே புரொடெக்ட்' மூலம் ஒரு தடவை சோதனை போட வேண்டும். மெசேஜ் பார்க்கிற ஆப் எது என்பதை அவன் மாற்றி வைத்திருக்கலாம். அதையும் பார்க்க வேண்டும். நமக்கு வரும் போன் கால்களை வேறு நம்பருக்குத் திருப்பி விடுகிற ஆசாமிகளும் உண்டு. ##002# என்று டயல் செய்தால் திருப்பி விட்டது எல்லாம் ரத்தாகும்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லை என்றால் அப்போது ரீசெட் செய்யலாம். போட்டோவையும் நம்பர்களையும் மட்டும் எடுத்து வைத்தால் போதும். பழைய ஆப்புகளை அப்படியே திரும்பக் கொண்டு வந்தால் திருடனும் கூடவே வருவான்.

ஒரு விஷயம். சில நேரம் போன் தானாகவே ரீசெட் ஆகி, புதுசு போல் நிற்கும். "பரவாயில்லை, சரியாகி விட்டது" என்று நினைக்க வேண்டாம். பணத்தைச் சுருட்டிய பிறகு தடயத்தை அழிக்கப் போனையே துடைத்து விட்டுப் போகிற 'பிராட்டா' என்ற ஆப் 2022-ல் வெளிநாடுகளில் அகப்பட்டது. அப்படி நடந்தால் முதலில் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கதவைச் சாத்தினால் யார் வெளியே நிற்பார்?

"இந்த வசதியையே எடுத்து விட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. பார்வை இல்லாத ஒரு குமாஸ்தாவோ, கடைக்காரரோ தன் பணத்தைத் தானே எண்ணிப் பார்க்க அவருக்கு இருக்கிற வழி அதுதான். பார்வை இல்லாதவர்களுக்கும், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களுக்கும் வங்கி கே.ஒய்.சி. சுலபமாக வேண்டும் என்ற வழக்கில் 2025 ஏப்ரல் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் வசதியும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றது.

வேறு வழி இருக்கிறது. சிங்கப்பூரில் 2023-ல் மட்டும் இந்த மாதிரிக் கள்ள ஆப் மோசடி 1,899 நடந்தது. போன பணம் குறைந்தது 3 கோடியே 41 லட்சம் சிங்கப்பூர் டாலர். அந்த ஆண்டு ஆகஸ்டில் அங்குள்ள ஓ.சி.பி.சி. வங்கி, வெளியிலிருந்து வந்த ஆப் இந்த அனுமதியோடு போனில் இருந்தால் தன் ஆப் திறக்காது என்று வைத்தது. வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள். வங்கி பின்வாங்கவில்லை. கூகுள் நிறுவனமும் 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் வெளி ஆப்புகளுக்கு இந்த அனுமதி லேசில் கிடைக்காதபடி ஒரு பூட்டுப் போட்டது. "மூன்று புள்ளியைத் தொட்டு அனுமதி கொடுங்கள்" என்று ஓர் ஆப் பாடம் நடத்தினால், அந்தப் பூட்டை நம் கையாலேயே திறக்க வைக்கிறது என்று அர்த்தம்.

நம் ஊர் வங்கிகள் என்ன செய்கின்றன? "நீங்கதானே சார் அனுமதி கொடுத்தீங்க" என்று கையை விரிக்கின்றன. ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதி வேறு மாதிரிச் சொல்கிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்தது என்றாலே கூட, அவர் தகவல் கொடுத்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பது முக்கியம். புகார் நம்பரைக் கேட்டு வாங்காமல் போனை வைக்கக் கூடாது.

செர்ட்-இன் எச்சரிக்கை இங்கிலீஷில் வருகிறது. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு என்று எழுதின மாதிரி இருக்கிறது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டையோடு ராத்திரியில் காத்துக் கிடக்கிற விவசாயிக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? நெல் விற்ற பணம் கணக்கில் விழுகிற அந்த நாளில்தான் அவருக்கு ஆபத்து அதிகம். கூடத்தின் வாசலில் தமிழில் ஒரு போர்டு வைக்க எத்தனை செலவாகும்? வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் ஒலிபெருக்கியில் பத்து நிமிஷம் சொல்லப் போலீசாருக்கு நேரம் கிடைக்காதா? மொபைல் கடைத் தம்பிகளைக் கூப்பிட்டு, ரீசெட்டுக்கு முன்னால் 1930 என்று சொல்லிக் கொடுத்தாலே பாதிக் காரியம் முடியும். மாவட்ட நிர்வாகம் கவனிக்குமா?

பணம் இழந்தவர்களுக்கு ஒரு தகவல். 1930-க்குப் பேசியதோடு நிற்காமல் விழுப்புரம் மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகாரை எழுத்தில் கொடுப்பது நல்லது. வங்கிக் கணக்குப் புத்தகம் அல்லது பணம் போன நாளின் கணக்கு நகல், ஆதார், 1930-ல் கொடுத்த நம்பர், படம் பிடித்த மெசேஜ்கள், இவற்றைக் கொண்டு போக வேண்டும். போனையும் எடுத்துப் போகலாம், சிம் இல்லாமல். அதற்கு முன்னால், வீட்டில் உள்ள வேறு போனிலிருந்து வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு ஒரு வார்த்தை: "என் நம்பரில் இருந்து ஏதாவது ஆப் வந்திருந்தால் தொடாதீர்கள்." பக்கத்து நிலத்துக்காரர் நம்பரிலிருந்து அது வந்ததே, அவரும் தெரிந்து அனுப்பவில்லை.