பேர் பதியாத சித்திரக்காரர்

சித்திரம் எழுதும் யந்திரங்களைப் பற்றி இன்று உலகெங்கும் விவாதம் நடைபெறுகின்றது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஜப்பானியக் கலைஞர் ஹயாவோ மியாசாகியின் கிப்ளி கலைக்கூடத்துச் சித்திரங்களின் சாயலில் எவருடைய புகைப்படத்தையும் மாற்றித் தரும் கணினி வசதியொன்று வெளிவந்தது. சில நாட்களுள் அத்தகைய படங்கள் தமிழரின் கையடக்கத் தொலைபேசிகளிலும் நிறைந்தன. கலைஞர் கூட்டமொன்று பல்லாண்டு காலம் கையால் வரைந்து வரைந்து உருவாக்கிய சாயல், நொடிப்பொழுதில் யாவர்க்கும் கிடைக்கும் பண்டமாயிற்று. படத்தைப் பெற்றோர் மகிழ்ந்தனர். அச்சாயலை ஆக்கியோருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டோர் சிலரே.

இக்கேள்வியை ஆராய்வதற்கு நமக்குத் துணை நிற்கக்கூடிய பழைய சித்திரக்காரர் ஒருவர் உண்டு. யந்திரம் சித்திரம் எழுதத் தொடங்கியதற்கு வெகு காலம் முன்பே, யந்திரம் ஒன்றைச் சித்திரமாக எழுதுவதில் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளைச் செலவிட்டவர் அவர். பெயர் டெட் கியரன், ஆங்கிலேயர். இப்பெயரைக் கேட்டறியாத தமிழ் வாசகர் பலர். ஆயினும் அவருடைய கைவண்ணத்தை அறிந்தோர் நம்மிடையே ஏராளம். சிவகாசிச் சித்திரக்கதை வெளியீடுகளில் ‘இரும்பு மனிதன்’ என்றும், செல்லமாகச் ‘சட்டித் தலையன்’ என்றும் அழைக்கப்பெற்ற ஆர்ச்சியை வரைந்தவர் அவரே.

ஆர்ச்சியின் வரலாறு 1952 பெப்ரவரியில் தொடங்குகின்றது. அம்மாதம் இங்கிலாந்தில் ‘லயன்’ என்னும் சிறுவர் வார இதழ் வெளிவந்தது. காட்டில் திரியும் யந்திர மனிதன் ஒருவனின் கதை அதன் முதல் இதழிலேயே இடம்பெற்றது. எழுதியவர் ஜார்ஜ் கோவன். சில மாதங்களில் நின்றுபோன அத்தொடர் 1957இல் மீண்டும் உயிர்பெற்று, 1974இல் அவ்விதழ் ‘வேலியன்ட்’ என்னும் இதழோடு இணைக்கப்படும் வரை நீடித்தது. அந்த மறுபிறவிக் காலத்தின் பெரும்பாலான பக்கங்கள் கியரனின் பேனாவிலும் தூரிகையிலும் பிறந்தவை. வாரத்துக்கு இரண்டு பக்கங்கள் என்று கொண்டாலும், பதினேழு ஆண்டுகளில் அவை ஆயிரத்தைத் தாண்டும்.

தமிழில் 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தோன்றியது. 1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் பிறந்தது. ஆர்ச்சி தமிழ் பேசியது அதன் பக்கங்களிலேதான். கடல் கடந்து இலங்கைக்கும் அவ்விதழ்கள் வந்தன. மலையகத்து வாசகரையும் அவை எட்டின. பாடநூலுக்கு அப்பால் படிக்க அதிகம் கிட்டாத தோட்டப்புறத்தில், ஒரு சித்திரக்கதைப் பிரதி கைமாறிக் கைமாறி அட்டை கிழியும் வரை வாழ்ந்தது. அதனைப் படித்தவர்கள் ஆர்ச்சியின் வலிமையை நினைவில் வைத்திருக்கின்றனர். கதையின் திருப்பங்களையும் நினைவில் வைத்திருக்கின்றனர். வரைந்தவர் யார் என்று அறிய வழியிருக்கவில்லை.

அவ்வாறு அறியப்படாது போன கலையின் தரம் யாது? ஆர்ச்சியின் முகத்தைச் சற்று ஊன்றி நோக்கினால் கியரனின் திறமை விளங்கும். அது கவிழ்த்து வைத்த சட்டி போன்ற இரும்புத் தலை. அதன் கண்கள் அசைவதில்லை, புருவம் இல்லை, உதடும் இல்லை. சித்திரக்காரன் உணர்ச்சியைப் புலப்படுத்தக் கையாளும் கருவிகள் அனைத்தும் இங்கே பறிக்கப்பட்டுள்ளன. இருந்தும், ஆர்ச்சி பெருமை பேசும்போது பெருமிதம் தெரிகின்றது. ஏமாறி நிற்கும்போது அந்த ஏமாற்றமும் தெரிகின்றது. இது எவ்வாறு நிகழ்ந்தது? தோள்களின் சரிவு, கழுத்தின் சாய்வு, விரிந்த விரல்கள், ஊன்றிய பாதம் ஆகியவற்றாலேயே அவர் அதனை நிகழ்த்தினார். கூத்திலே முகமூடி அணிந்து ஆடுபவன் உடலால் பேசுவது போன்ற வித்தை இது. இரும்பின் பளபளப்பையும் ஆணிகளின் வரிசையையும் மாறாது காத்த அதே கை, அருகே நிற்கும் டெட், கென் என்னும் மனிதத் தோழரின் தசையையும் ஆடையின் மடிப்பையும் வேறுபடுத்திக் காட்டியது. தொடக்க காலத்தில் தொலைவிலிருந்து விசைப்பெட்டியால் இயக்கப்பட்ட ஆர்ச்சி, 1960களில் தானே பேசவும் சிந்திக்கவும் தொடங்கினான். சதுரங்கக் கோட்டையின் வடிவிலமைந்த கால யந்திரத்தில் ஏறிப் பல யுகங்களுக்கும் சென்றான். கதை தாவிய இடமெல்லாம் சித்திரமும் தாவ வேண்டியிருந்தது. காடும் கடலும் வேற்றுக் காலத்து நகரங்களும் வாரத் தவணை தவறாது அதே மேசையில் வரையப்பட்டன.

இத்தகைய கதைகளின் குறையை மறைத்துப் பாராட்டுவது நேர்மையாகாது. ஆபிரிக்காவும் தென்னமெரிக்காவும் வெள்ளையரின் வீரத்துக்கு விளையாட்டுக் களமாக மட்டுமே காட்டப்பட்ட காலத்தின் படைப்புகள் இவை. அந்நாடுகளின் மக்கள் அஞ்சி ஓடுவோராகவோ, ஆயுதம் ஏந்தி வருவோராகவோ, காப்பாற்றப்பட வேண்டியோராகவோ வருகின்றனர். தோட்டத்துரையின் ஆட்சியை அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதனைப் படிக்கும்போது, தாம் எந்தப் பக்கத்தில் நிற்கின்றோம் என்று சிந்தித்தல் நலம். கியரன் தம் காலத்தை மீறியவரல்லர். கைத்தொழிலின் நேர்த்தியால் அக்காலத்துக்குள்ளே உயர்ந்து நின்றவர்.

இந்த இடத்தில் ‘ரொபோ’ என்னும் சொல்லின் பிறப்பையும் நினைவுகூர்தல் தகும். செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் எழுதி, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய ஆர்.யூ.ஆர். என்னும் நாடகத்தின் வழியாகவே அச்சொல் உலகெங்கும் பரவியது. நிலப்பிரபுவுக்குக் குடியானவர் செய்ய வேண்டியிருந்த கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரொபோட்டா’ என்பதே அதன் வேர். சொல்லைத் தமக்கு எடுத்துக் கொடுத்தவர் தம் தமையன் யோசெப் என்று கரேலே கூறியுள்ளார். யோசெப் ஒரு சித்திரக்காரர்.

கட்டாய உழைப்பை நம் நாடும் அறியும். இராசகாரியம் என்னும் பழைய முறை இங்கு 1832இல் ஒழிக்கப்பட்டது. அக்காலத்தில் பெருகத் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தவர்களின் சந்ததியாரே இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இன்று வாழும் தோட்டத் தமிழர். பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வளர்த்த தொழிலின் பயன், இலங்கைத் தேயிலை என்ற பெயரோடு உலகச் சந்தைக்குச் செல்கின்றது. பெட்டியில் நாட்டின் பெயர் உண்டு, நிறுவனத்தின் பெயர் உண்டு. பறித்தவளின் பெயரை எவரும் எதிர்பார்ப்பதுமில்லை.

தோட்டத்துப் பேச்சு வழக்கிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு என்பதை இப்பகுதி ஆசிரியர்கள் நன்கறிவர். ஒரு நாள் வேலை கணக்கில் ஏறினால் அது ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். பேர் பதியாவிடின் அந்நாளின் உழைப்பு உழைப்பாகவே கொள்ளப்படாது. அதே மக்கள் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டு, வாக்காளர் இடாப்பில் பேர் இல்லாதவராயினர். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. பேர் பதியப்படுதல் எத்துணைப் பெரிய காரியம் என்பதைப் பிறர் இவர்களுக்குப் போதிக்க வேண்டியதில்லை.

கியரனின் நிலை இதற்கு நேர்மாறான ஒரு வகையில் இதனையே ஒத்தது. தோட்டத்துப் பொருளில் அவருக்குப் பேர் விழுந்தது. பக்கத்துக்குக் கூலி கிடைத்தது. உண்மையான பேர் அச்சேறவில்லை. அக்காலப் பிரித்தானியச் சிறுவர் இதழ்களிற் பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் வெளியிடப்படவில்லை. இரும்புக்கை மாயாவியின் மூலத்தை வரைந்த ஸ்பானியக் கலைஞர் ஹெசூஸ் பிளாஸ்கோவும் இதற்கு விலக்கல்லர். பெயர் வெளிப்பட்டால் கலைஞன் கூடுதல் ஊதியம் கேட்பான், அல்லது போட்டி நிறுவனம் அவனை அழைத்துக்கொள்ளும் என்பதே காரணம் என்பர். படமும் பாத்திரமும் பதிப்பகத்தின் உடைமையாயிருந்தன. பதிப்பகம் கைமாறியபோது அவையும் கைமாறின. 1977இல் தோன்றிய ‘2000 ஏ.டி.’ என்னும் இதழே பிரித்தானியாவில் படைப்பாளர் பெயரை வாராவாரம் அச்சிடும் வழக்கத்தை நிலைநாட்டியது. ஆர்ச்சியின் வாராந்தப் பயணம் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

யந்திரச் சித்திரங்களின் பிரச்சினையை இப்போது நோக்குவோம். இவ்யந்திரங்கள் கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. தங்கள் அனுமதியின்றித் தங்கள் படைப்புகள் பயன்படுத்தப்பட்டன என்று சாரா அன்டர்சன், கெலி மக்கேர்னன், கார்லா ஓர்ட்டிஸ் என்னும் மூன்று ஓவியர் 2023 ஜனவரியில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். அடுத்த மாதமே, யந்திரத்தால் படம் ஆக்கப்பெற்ற சித்திரக்கதை நூலொன்றைப் பற்றி அமெரிக்கப் பதிப்புரிமைக் காரியாலயம் ஒரு முடிவை வழங்கியது. கதையின் எழுத்துக்கும் அதன் தொகுப்புக்கும் பதிப்புரிமை உண்டு. தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்பதே அம்முடிவு. மனிதக் கை இல்லாத இடத்தில் ஆசிரியன் என ஒருவனைச் சட்டம் காணவில்லை. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், தன் படைப்பில் தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் எனக் கோரும் உரிமையைப் படைப்பாளிக்கு வழங்கியுள்ளது. கியரன் காலத்துச் சித்திரக்காரர் கேட்கத் துணியாதது இன்று எழுத்திலுள்ள உரிமை.

முன்னோரைப் பார்த்து வரைந்து பழகாத ஓவியன் யார், யந்திரம் செய்வதும் அதுதானே என்று சிலர் வாதிப்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் ஒரு மாணவன் குருவைப் பார்த்து வரையும்போது, இது இன்னாரிடம் கற்றது என்று அவனால் சொல்ல முடியும், சொல்லவும் செய்வான். யந்திரம் தரும் படத்திலே எவருடைய கை எவ்வளவு கலந்துள்ளது என்று எவராலும் சொல்ல இயலாது. ஒருவரைப் பெயரின்றி வேலை வாங்கியது பழைய பதிப்பகம். பெயரற்ற பல்லாயிரவரை ஒரே கலத்தில் கரைத்துவிடுகின்றது புதிய யந்திரம். வண்ணப்பெட்டி வாங்க வழியற்ற பள்ளியில், பாடத்துக்கு ஒரு படம் தேவைப்படும் ஆசிரியருக்கு இவ்வசதி உதவக்கூடும். அதனை மறுக்க வேண்டியதில்லை. அதைக் கொண்டு சித்திரக்காரனே இனித் தேவையில்லை என்று முடிவுகட்டுவோமாயின், நாளை யந்திரம் எவரைப் பார்த்துக் கற்கும்?

சப்ரகமுவத் தோட்டப் பள்ளிகளில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஆர்ச்சி ஒரு நல்ல பாடம் தருகிறான். சட்டித் தலையும் அசையாக் கண்ணும் கொண்ட யந்திர மனிதன் ஒருவனை வரையச் சொல்லுங்கள். முகத்தை மாற்றாமல் அவனுடைய நாணத்தையும் களைப்பையும் பெருமிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். கொழுந்துக் கூடை சுமந்து மேடேறும் தாயின் முதுகையும், விடியுமுன் இறப்பர் மரத்தின் கீழே குனியும் தந்தையின் தோளையும் நாள்தோறும் கண்ட பிள்ளைகளுக்கு, உடல் பேசும் மொழி புதிதன்று. வரைந்து முடித்ததும் ஒவ்வொரு தாளின் கீழும் வரைந்தவர் பெயரை எழுதுவிக்க வேண்டும். பள்ளியின் கையெழுத்துச் சஞ்சிகையில் அப்படங்கள் வெளிவரும்போது கதை எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவான எழுத்தில், அப்பெயரும் இருக்கட்டும்.